வேப்பமரம் பெயர் சொல்லவில்லை

ஆசிரமத்துப் பெண்பிள்ளைகள் முப்பது பேருக்கும் வடிவாம்பாள்தான் பொறுப்பு. முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்லிவிடுவேன் என்று அவளுக்கு ஒரு பெருமை. பெருமை என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை. அன்றைக்கு ஆசிரமத் தலைவி குருவம்மாவிடம் வந்து நின்றபோது அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“செங்கமலத்தை அனுப்பிவிட்டேன், அம்மா. காலை பஸ்ஸில் அவள் மாமா கூட்டிக்கொண்டு போய்விட்டார்.”

“என்ன செய்தாள்?”

“பதினைந்து வயசாகிறது, துளி இரக்கம் கிடையாது. பூவிழியின் அப்பா தவறிவிட்டார் என்று நேற்றுச் செய்தி வந்ததே, எல்லாப் பிள்ளைகளும் அவளைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதார்கள். இவள் மட்டும் கல்லுமாதிரி நின்றாள். ‘வேப்பமரம் மூன்று நாள் முன்னாடியே சொல்லிவிட்டது’ என்கிறாள். வாய் கூசவில்லை, பாருங்கள்!”

குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“துக்கச் செய்தி வந்தால் எல்லாரும் ஒரு வேளை பட்டினி இருப்போமே. நேற்று இருந்தார்களா?”

வடிவாம்பாள் தயங்கினாள். “இருந்தார்கள். நாலைந்து பேர் ஒளிந்துகொண்டு முறுக்குத் தின்றார்கள். பிள்ளைகள்தானே, கண்டும் காணாமல் விட்டுவிட்டேன்.”

“செங்கமலம்?”

“அவள் சோற்றைத் தொட்டே மூன்று நாளாகிறது. அந்தத் திமிருக்குத்தான் தினமும் வெயிலில் நிற்கவைத்தேன்.”

குருவம்மாவின் கை நின்றது.

“ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாயா?”

“கேட்டேன். ‘யாரோ ஒருத்தியின் அப்பா போகப்போகிறார், மரம் பெயர் சொல்லவில்லை, அதனால் இப்போதே பட்டினி இருக்கிறேன்’ என்றாள். ஒவ்வொருத்தியிடமும் போய், ‘உங்கப்பா நல்லா இருக்காரா?’ என்று வேறு கேட்டிருக்கிறாள். பைத்தியம் என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும்...”

தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

“மரம் பேசுமா, அம்மா?”

“பேசாது. ஆனால் பட்டினி கிடந்தது மரமில்லையே.”

“ஐயோ! பேயோட்டுகிறவனிடம் கொண்டுபோய்க் கட்டிப்போடப்போவதாகச் சொன்னாரே அந்த மாமா. அடுத்த பஸ்ஸிலேயே போகிறேன், அம்மா.”

“போ. கதவைத் திறப்பார்களோ மாட்டார்களோ, போய் நில்.” குருவம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். “அடுத்தவர் முகம் பார்த்து நடந்துகொள்ள அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். மூன்று நாளும் வெயிலில் உன் எதிரேதானே நின்றாள்? அவள் முகம் எப்படி இருந்தது?”

வடிவாம்பாள் எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். அந்த முகம் நினைவுக்கு வரவே இல்லை.