முந்திரிக்கொட்டை வெளியே வந்த கதை

மரமும் காயும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிய அந்தக் காலத்தில், முந்திரிக்கொட்டை மாங்கொட்டையைப் போலப் பழத்துக்குள்ளேதான் சொகுசாகக் குடியிருந்தது.

கடலோர மணல்மேட்டில் கொளஞ்சி என்றொருத்தி இருந்தாள். புருஷன், ஐந்து பிள்ளைகள். தரையில் இலை போட்டால் போதும், காற்று வந்து சோற்றில் மணலை அள்ளிப் போடும். கடைக்குட்டி பூரணி மணலைக் கடித்ததும் பாதியிலேயே எழுந்துவிடுவாள். பிள்ளை குச்சியாய் இளைத்துப் போனாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் புருஷன் பலா மரத்தை அறுத்து, வீடே சுற்றி உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை செய்தான்.

வெறும் மரத்தை அப்படியே விட்டால் குழம்புக் கறை ஊறும், கறையான் அரிக்கும். என்ன பூசலாம் என்று கொளஞ்சி தோப்பில் போய்க் கேட்டாள். தன் எண்ணெய்க்கு எறும்பு மொய்க்கும் என்று தென்னை உள்ளதைச் சொன்னது. வருஷா வருஷம் அலுக்காமல் தேய்த்தால் தன் எண்ணெய் தாங்கும் என்றது ஆமணக்கு.

கேட்காமலே குறுக்கே விழுந்தது முந்திரிக்கொட்டை. "என் ஓட்டு எண்ணெயை ஒரே ஒரு தடவை பூசு, கொளஞ்சி. உன் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் கறையும் பிடிக்காது, கறையானும் அண்டாது."

வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று பழம் கேட்டது. ஒன்றுமில்லை என்றது கொட்டை. எண்ணெய் தோலைச் சுடும் என்று சொன்னால் ஆமணக்கு ஜெயித்துவிடுமே! எங்கள் வீட்டுப் பிள்ளைதான், நம்பிப் பூசு என்று பழமும் சேர்ந்து உத்தரவாதம் கொடுத்தது.

கொளஞ்சி நீளமான குச்சியில் தென்னை நாரைக் கட்டிப் பூசினாள். மூன்றாம் நாள் மேசை கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. பூரணி இரண்டு முழங்கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டு முழுச் சோற்றையும் தின்றாள். சிந்திய பருக்கையைக்கூட மேசையிலிருந்து பொறுக்கித் தின்றாள். நின்று பரிமாறிய கொளஞ்சிக்கு வயிறு குளிர்ந்தது.

"அம்மா, எரியுது."

பிள்ளையின் முழங்கை முதல் மணிக்கட்டு வரை கொப்புளம். உதடு வீங்கிக் கிடந்தது. மற்ற நால்வர் கையிலும் கொப்புளம், புருஷன் கையிலும் கொப்புளம். கொளஞ்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூசிய கையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அவளுக்கு அழக்கூட வரவில்லை.

பூரணியை அப்படியே தூக்கிக்கொண்டு தோப்புக்கு ஓடினாள். இது என்ன என்று மட்டும் கேட்டாள்.

"எத்தனை நாள் தாங்கும்னுதானே பார்த்தே. சுடுமான்னு நீ கேட்கவே இல்லையே" என்றது கொட்டை.

பழத்துக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. இத்தனை நாளும் இதையா வயிற்றில் வைத்துக் காத்தோம்? "என்னை நம்பித்தானே அவ பூசினா" என்று சொல்லி, ஒரே உந்தாக உந்திக் கொட்டையை வெளியே தள்ளியது. திரும்ப இடம் கேட்டுக் கொட்டை எவ்வளவோ கெஞ்சியும் பழம் திறக்கவில்லை.

தென்னை கொடுத்த எண்ணெயில் புண்கள் ஆறின. மேசையிலிருந்த பூச்சை இழைத்துத் தள்ளிவிட்டு ஆமணக்கெண்ணெய் தேய்த்தார்கள். ஆனாலும் பூரணி அதன்மேல் கை ஊன்றிச் சாப்பிடவே இல்லை.

அன்று வெளியே வந்த முந்திரிக்கொட்டைதான் இன்றும் பழத்தின் அடியில் கூனிக்கொண்டு தொங்குகிறது. பழத்தைத் தின்றால் நமக்குத் தொண்டை கரகரப்பதும் அன்று முதல்தான். கொட்டை குடியிருந்த இடத்து எரிச்சல் இன்னும் போகவில்லை.