நாற்பத்து நான்காவது பெயர்

கல்லில் எழுத்து கொத்தும் அம்சவேணிக்கு வயது நாற்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த சீடர் ஞானசிகாமணிக்கு அறுபத்திரண்டு. டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு சீடரை 'சார்' என்பாள். சீடர் குருவை 'அம்மா' என்பார். யார் யாரிடம் கற்கிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம் வரும், அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி முற்றத்தில், உடலுறுப்பு தானம் செய்தவர்களுக்காக ஒரு கருங்கல் சுவர் எழுந்திருந்தது. இடது பக்கம் பெயர். அதற்கு நேராக வலது பக்கம், கொடுத்த உறுப்பு. உச்சியில் 'கொடுத்தவர்கள்' என்று ஒரே ஒரு சொல். எல்லாம் சீடர் போட்டுக் கொடுத்த வரைபடம். ஆஸ்பத்திரிப் பட்டியலில் நாற்பத்து மூன்று பேர். நாலு மாதம் உட்கார்ந்து நாற்பத்து மூன்றையும் பிசகில்லாமல் கொத்தியிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை ஒரு பெண் வந்தாள். பெயர் பேச்சியம்மாள். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். கடைசிப் பெயர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாம் முறையும் விரல் மேலே போனபோது சீடர் உளியைக் கீழே வைத்தார்.

"யார் பேரும்மா தேடுறீங்க?"

"மாரிக்கண்ணன். என் மகன். பைக்குல போனவன் லாரியில அடிபட்டுட்டான். மூளைச்சாவுன்னாங்க. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்."

சீடர் பட்டியலைப் புரட்டினார். அந்தப் பெயர் இல்லை.

"எடுத்தாங்களா?"

"இல்ல சார். ஒடம்பெல்லாம் கிருமி பரவிருச்சு, எதையும் எடுக்க முடியாதுன்னு சொல்லி முழுசாத் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"அதனாலதாம்மா பேர் இல்லை. இது கொடுத்தவங்களுக்கு."

பேச்சியம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் சீடருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

"பெத்த புள்ளைய அறுக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டேன். அதையும் வேண்டாம்னு தள்ளிட்டாங்க. பேரும் கெடையாதுன்னா, நான் போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம் சார்? நான் போக மாட்டேன். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வருவேன். அவன் பேரு வர்ற வரைக்கும் வருவேன்."

சொல்லிவிட்டுச் சுவரடியில் உட்கார்ந்துகொண்டாள்.

சற்றுத் தள்ளி உளி தீட்டிக்கொண்டிருந்தாள் அம்சவேணி. எல்லாம் காதில் விழுந்திருந்தது. சீடர் அவளிடம் போனார்.

"அம்மா, பாவமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் கொடுக்காதவங்க பேரைக் கொத்தினா கல்லுல பொய் எழுதின மாதிரி ஆயிடாதா?"

"உச்சியில என்ன கொத்தியிருக்கீங்க?"

"கொடுத்தவர்கள்."

"பயன்பட்டவர்கள்னு கொத்தலையே?"

சீடர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். தானே கொத்திய எழுத்துதான். இருந்தாலும் இன்னொரு முறை படித்தார். பிறகு ஆஸ்பத்திரி அதிகாரிக்குப் போன் போட்டார். பேசி முடிக்கும்போது முகம் சுண்டியிருந்தது.

"கூடாதுங்கிறார். ஒருத்தருக்குக் கொத்தினா இதே மாதிரி இன்னும் நாலு பேர் வருவாங்களாம்."

"வரட்டும். கல்லுல எடம் இருக்கு."

"விழா நேரத்துல அவர் சத்தம் போட்டா?"

"போடட்டும். சுவத்துக்கு முன்னால நான் நிக்கிறேன்."

தீட்டிய உளியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். சீடர் கடைசிப் பெயருக்குக் கீழே நூல் பிடித்துக் கோடு போட்டார். பேச்சியம்மாள் எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். மாரிக்கண்ணன் என்று கொத்தி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவள் தன் முந்தானையால் கல்தூளைத் துடைத்துவிட்டாள்.

பெயருக்கு நேராக வலது பக்கத்தில் உளியைக் கொண்டுபோன சீடரின் கை நின்றது. மேலே வரிசையாக இதயம், கல்லீரல், சிறுநீரகம், விழிகள். கீழே வெறும் கல்.

"அம்மா, இங்கே என்ன எழுதுறது? ஒண்ணுகூட எடுக்கலையே. இந்த இடத்தை வெறுமனே விட்டா இவங்க மனசு இன்னும் நோகும்."

அம்சவேணி பேச்சியம்மாளிடம் கேட்டாள். "அன்னிக்கு எது எதைக் கொடுக்கிறீங்கன்னு டாக்டர் கேட்டிருப்பாரே. என்ன சொன்னீங்க?"

"நான் அதையெல்லாம் பிரிச்சுச் சொல்லல தாயி. எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்கன்னுதான் சொன்னேன்."

அம்சவேணி சீடர் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம்னு கொத்துங்க, சார்."