ஆடு தின்ன துண்டு

"சாமி, ஊரையே மயக்குற வாய் இது. பெத்த தாய்கிட்ட மட்டும் செல்லமாட்டேங்குது!"

மாசிலாமணி வந்ததும் வராததுமா இதைத்தான் சொன்னாரு.

பட்டிமன்றத்துல இவரு எழுந்து நின்னாப் போதும், எதிரணிக்காரங்களே கைதட்டிருவாங்க. அப்படியாப்பட்ட ஆளு. வயசு அம்பதைத் தாண்டியாச்சு. பாறைச்சாமிக்கு சிஷ்யன்.

பாறைச்சாமின்னதும் தாடியும் சடையுமா யாரையோ நினைச்சுக்காதீங்க. அவங்க ஒரு பொண்ணு. மாசிலாமணியோட கடைசித் தங்கச்சியைவிடச் சின்னவங்க. மலையடிவாரத்துல ஒரு பாறை, ஒரு கூரை, நாலஞ்சு ஆடு. அவ்வளவுதான் ஆசிரமம். பேச்சு ரொம்பக் கம்மி. பேசிப் பேசி அலுத்துப் போனா இவரு அங்கதான் போவாரு. போயும் பேசுவாரு.

"அம்மாவுக்கு என்ன?"ன்னு கேட்டாங்க சாமி.

"கண்ணுல புரை. முந்தாநாளு அடுப்புல தோசைக்கல்லு இருக்கிறது தெரியாம கையை வச்சுட்டாங்க. நாளைக்குக் காலையில கண் முகாம் வேன் வருது சாமி. வாசல்லயே வந்து ஏத்திட்டுப் போவாங்க. இதை விட்டா அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் பார்வை தாங்காதுன்னுட்டாரு டாக்டர்."

"வரமாட்டேங்குறாங்களா?"

"வேணாம்டாங்குறாங்க. காரணமே இல்ல. வெறும் வேணாம்டா."

"நீங்க எப்படிப் பேசினீங்க? பேசிக் காட்டுங்க."

கேக்கணுமா! மாசிலாமணி எழுந்தாரு. துண்டை உதறித் தோள்ல போட்டாரு. தொண்டையைச் செருமினாரு.

"மொதல்ல டாக்டரை முன்னாடி நிறுத்தினேன். 'அம்மா! ஆயிரமாயிரம் கண்ணைத் திறந்த கை அது. அந்தக் கையே உன்னை வான்னு கூப்பிடுது. நீ மாட்டேங்கலாமா?'ன்னேன்."

"அம்மா?"

"இப்படி மூக்கைத் தடவிக்கிட்டே, 'வேணாம்டா மாசி.'" அம்மா மாதிரியே செஞ்சு காட்டினாரு.

சாமி ஒரு விரலைத் தூக்கினாங்க.

"இருங்க சாமி, முடிச்சிடுறேன். ரெண்டாவதா, அழுதேன். 'உன் பேத்தி மாலையும் கழுத்துமா வந்து நிப்பாளே, அந்த மொகத்தைப் பாக்க வேணாமா?'ன்னேன். எதிர்வீட்டுல டிவியை நிறுத்திட்டு அழுதாங்க!"

"அம்மா?"

"அதே மூக்கு. அதே வேணாம்டா."

விரல் மறுபடியும் மேல வந்துச்சு.

"ஒரே நிமிஷம் சாமி! மூணாவது, கணக்கு. காசு கிடையாது, வலி கிடையாது, சுடுதண்ணி காயுற நேரத்துல முடிஞ்சிரும். போட்டு வெளுத்து வாங்கிட்டேன்!"

பாறையைப் பாத்துப் பேசினாரு. மலையைப் பாத்துப் பேசினாரு. எல்லாம் முடிச்சு, கைதட்டலுக்கு நிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்னாரு.

காத்து மட்டும் அடிச்சுச்சு.

"சொல்லுங்க சாமி. என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல பேச்சாளரே. உங்க துண்டை ஆடு தின்னுட்டு இருந்துச்சு. அதைச் சொல்லலாம்னுதான்."

திரும்பிப் பாத்தாரு. முதுகுப் பக்கம் தொங்கின துண்டுல பாதியைக் காணோம். ஆடு சாவகாசமா மென்னுக்கிட்டு இருந்துச்சு.

"சரி, அம்மாவுக்கு என்ன வழி?"

சாமி ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

*

திரும்பி வர்ற பஸ்ல ஒருத்தன் வலி தைலம் வித்தான்.

"பெரிய பெரிய வைத்தியருங்க கைப்பட எழுதிக் குடுக்குற தைலம்! இன்னைக்கு முட்டி வலி, நாளைக்குப் படுத்த படுக்கை, யாரு பாத்துப்பாங்க உங்களை? ஒரு பாட்டில் ஒரு டீ விலை, ஒரு மாசம் வரும்!"

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அட! நம்ம பேச்சு! டாக்டரு, அழுகை, கணக்கு. வரிசை கூட மாறல!

யாரும் வாங்கல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

தைலக்காரன் ஒவ்வொரு சீட்டாத் தாண்டி வந்தான். மாசிலாமணி கால் வழியில நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைப் பாத்தான்.

"எந்தக் காலுண்ணே?"

"வலதுதான்பா. மேடையில நின்னு நின்னு... படி ஏறினா உயிர் போகுது. மழைக்காலம் வந்துட்டா..."

அவன் "ம்" கொட்டிக்கிட்டே நின்னான். இவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

இறங்கினப்புறம் பாத்தா கையில தைலப் பாட்டில்.

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு அங்கயே நின்னாரு. 'என்கிட்ட அவன் ஒண்ணுமே சொல்லலையே!'

*

அம்மா வள்ளியாத்தா அடுப்படியில உக்காந்து, தடவித் தடவி முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாங்க.

மாசிலாமணி எதிர்ல உக்காந்தாரு. "அம்மா! இந்த உலகத்துல..."ன்னு ஆரம்பிச்சு, மொகத்தைத் துடைக்கத் துண்டை இழுத்தாரு.

பாதித் துண்டுதான் வந்துச்சு.

நிறுத்திட்டாரு.

அம்மா மூக்கைத் தடவினாங்க.

"மூக்குல என்னம்மா?"

"என்னடா?"

"இல்ல, எப்பப் பாத்தாலும் மூக்கைத் தடவுறியே. வலிக்குதா?"

கீரை உருவின கை நின்னுச்சு.

"ஆபரேஷன்னா நகையெல்லாம் கழட்டச் சொல்வாங்களாம்ல?"

"ம்."

"இந்த மூக்குத்தியையும்." ரெண்டு விரலால அதை மூடிக்கிட்டாங்க. "உங்கப்பா செத்தன்னைக்கு ஊரே நின்னு கழட்டு கழட்டுன்னுச்சு. உன் அத்தைக்காரி என் கையைப் புடிச்சு முறுக்கினா. நான் குடுக்கல. இப்ப இவங்க கேட்டா மட்டும் குடுத்துருவனா?"

மாசிலாமணிக்கு நாக்கு நுனியில பதில் தயார். அருமையான பதில். உதாரணத்தோட!

முழுங்கிட்டாரு.

"யாரும்மா போட்டுவிட்டது?"

"வேற யாரு, உங்கப்பாதான். திருவிழாவுல வாங்கி, நானே போட்டுவிடுறேன்னு உக்காந்தாரு. கை நடுங்குது மனுசனுக்கு. திருகாணியைக் கீழ போட்டுட்டு மண்ணைத் துழாவுறாரு! சுத்தி நின்னவங்கெல்லாம் சிரிப்பா சிரிக்கிறாங்க..."

அம்மாவும் சிரிச்சாங்க. மாசிலாமணி இந்தக் கதையைக் கேட்டதே இல்ல. அப்புறம் எப்ப, யாரு, என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை எடுக்கல. அதுக்கு அவரு பட்ட பாடு இருக்கே, எந்த மேடையிலயும் பட்டதில்ல.

*

காலையில வாசல்ல வேன் ஹாரன் அடிச்சுச்சு.

மாசிலாமணி எழுந்திரிக்கல. மிச்சத் துண்டை வாயில கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அம்மா சுவத்தைப் புடிச்சு நடந்து வந்தாங்க. ஒரு கையில தேங்காயெண்ணெய்க் கிண்ணம். அவரு முன்னாடி உக்காந்து மொகத்தை நிமித்தினாங்க.

"இறுகிப் போயிருக்கும். எண்ணெய் விட்டு மெதுவாத் திருகு. நான் திரும்பி வர்றவரைக்கும் உன் கையிலதான் இருக்கணும். வந்ததும் நீயே போட்டுவிடணும்."

மாசிலாமணிக்குக் கை நடுங்குச்சு.

"அம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"சொல்லாத. கழட்டு."