இசபெல் செஞ்ச சின்னச் சங்கிலி

ஒரு ஊர்ல ஒரு இசபெல் இருந்தா. கடலோர ஊரு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிற பொம்மைக் கப்பல் இருக்குல்ல, அதுக்குப் பித்தளையில கப்பி, கீலு, சங்கிலின்னு பொடிப்பொடியா செய்யறதுதான் அவ வேலை. கப்பின்னா, கெணத்துல கயிறு ஓடுமே, அந்தச் சக்கரம். அதையே கடுகு அளவுல செய்வா. கேக்குறியா?

ம்.

அவ புருஷன் கஸ்பார் நெசக் கப்பல்ல போறவன். கெளம்புறதுக்கு முன்னாடி, தன் கப்பல மாதிரியே ஒண்ணை மரத்துல செதுக்கி வச்சான். "மர வேலை ஆச்சு. பித்தளை வேலை உன்னது. நான் வர்றதுக்குள்ள முடிச்சிருவியா?"ன்னான். "நீ வர்ற லட்சணத்துக்கு ரெண்டு கப்பல் முடிக்கலாம்"னா அவ.

அப்புறம் ஹோன்னு புயல் அடிச்சுது. கப்பல் வரல. அப்போ ஒரு கடல்காக்கா வந்து சன்னல்ல டொக் டொக்னு கொத்துச்சு. காக்கா பேசுமான்னு கேக்காத. பேசாத காக்காய்க்குக் கதையில என்ன வேலை?

"உன் புருஷன் உசுரோட இருக்கான். கப்பல்ல இருந்த இரும்பையெல்லாம் புயல் உருவிட்டுப் போயிருச்சு. கப்பல் பாறைப் பக்கமா மெதக்குது. இந்தப் பொம்மையில நீ என்ன மாட்டுறியோ, அது அங்க வந்துரும். முதல்ல கப்பி. பாயை ஏத்தணும்"னுச்சு.

டிங் டிங்னு தட்டிக் கப்பிய மாட்டினா. காக்கா போயிப் பாத்துட்டு வந்துச்சு. "கப்பி வந்துச்சு. ஆனா கயிறு நுழைய ஓட்டையே இல்லையே."

இசபெல் கப்பியைத் திருப்பிப் பாத்தா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள யாரு பாக்கப் போறான்னு, ஓட்டைக்குப் பதிலா ரெண்டு புள்ளி குத்தி வைக்கிறது அவ வழக்கம். கை அதையே செஞ்சிருச்சு. அப்புறம் ஊசியால கிர்ர் கிர்ர்னு தொளைச்சு மாட்டினா. பாய் ஏறிச்சு. அதுக்குள்ள பாறை கிட்ட வந்துருச்சு.

ம்.

அடுத்து சுக்கான். கப்பலைத் திருப்புற பலகை. அதுக்கு, கதவுல இருக்குமே, அந்த மாதிரிக் கீல் செஞ்சு, வழக்கம் போல அசையாம ஒட்டிப் பத்த வச்சா. காக்கா திரும்பி வந்துச்சு. "கீலு அசையல. கப்பல் ஒரே வட்டமா சுத்துது. உன் புருஷன் உன்னத் திட்டுறான்."

"என்னன்னு?"

"'ஏளா, இதைக் கண்ணாடிப் பெட்டிக்கா செஞ்சே?'ன்னு."

அந்த நேரத்துலயும் அவளுக்கு ஒரு பொட்டு சிரிப்பு வந்துச்சு. திட்டுறான்னா இருக்கான்ல. கீலைப் பிரிச்சு, அசையற மாதிரி மாட்டினா. ஆனா அதுக்குள்ள காத்து பாயைக் கிழிச்சுப்புடுச்சு.

"இனி நங்கூரம்தான். காத்து அடங்குற வரைக்கும் கப்பல் நின்னுட்டா போதும்"னுச்சு காக்கா.

"எப்போ அடங்கும்?"

"அது எனக்குத் தெரியாது."

நங்கூரம் ஆச்சு. அடுத்தது சங்கிலி. பொம்மைச் சங்கிலியில வளையத்த வளைச்சு அமுக்கி விடுவா, அவ்வளவுதான். பத்த வைக்கிறதில்ல. இந்தத் தடவை ஒவ்வொரு வளையத்தையும் ஊதுகுழல் வச்சுத் தீயை உஃப், உஃப்னு ஊதிப் பத்த வச்சா. நடுவுல ஒரே ஒரு வளையம் பாக்கி. ஊதுன மூச்சு கொஞ்சம் கூடிப் போச்சு. வளையம் உருகி உருண்டையாயி, டக்குனு விழுந்து எங்கயோ ஓடிருச்சு.

"பாறை வந்துருச்சு. இப்பவே போடு"னுச்சு காக்கா.

சங்கிலியைப் பொம்மைக் கப்பல்ல மாட்டி, நங்கூரத்த மேசை ஓரமாத் தொங்க விட்டு, நடுவுல சேராத ரெண்டு முனையையும் ரெண்டு விரலால சேத்துப் பிடிச்சா. சங்கிலி விண்ணுனு இழுத்துச்சு. காக்கா பறந்து போயிட்டு வந்துச்சு. "நிக்குது"ன்னுச்சு.

வேற யாராச்சும் பிடிச்சுக்கலாம்ல?

பக்கத்து வீட்டுத் தெரேசும் அதான் கேட்டா. "குடுளா, நான் பிடிக்கேன். நீ வளையம் செய்." "கை மாத்துற நேரத்துல நழுவிரும் தெரேசு. பாறைக்கு அது போதும்"னா இசபெல்.

அதனால பிடிச்சிட்டே இருக்கா. தெரேசு சோறு ஊட்டுறா, கண்ணு சொக்கினா மூஞ்சில தண்ணி தெளிக்கிறா. விரல் நீலம் பாஞ்சிருச்சு. காக்கா தெனமும் வருது.

"கப்பல்?"

"நிக்குது."

"காத்து?"

"அடிக்குது."

கதை அந்த இடத்துலதான் நிக்குது. அவ முழிச்சிருக்கா. நீ தூங்கு.