நாற்பது கூடை மண்

பழைய துறைமுக ஊர் அது. வீடுகளுக்கு அடியில் செங்கல் வளைவுக் கூரை போட்ட நிலவறைகள் உண்டு. கட்டியவர்கள் போய் நானூறு ஐந்நூறு வருடமாகிறது. வளைவுகள் நிற்கின்றன.

அவற்றைப் பழுதுபார்ப்பவர் சவரியப்பர். அவருடைய சீடர் ஞானாதிக்கத்துக்கே நாற்பது வயது. கைவேலை சுத்தம், இரக்கம்தான் கொஞ்சம் அதிகம்.

தையற்காரர் லாசர் வீட்டு நிலவறையில் பூச்சு வேலைக்குத்தான் ஞானாதிக்கம் போனார். வளைவுக்கு மேலே, அதன் இரண்டு தோள்களிலும், தளக்கல் வரை மண் நிரப்பியிருந்தது. ஐயோ பாவம், இத்தனை பாரமா என்று மேலே தளக்கல்லைப் பெயர்த்து, நாற்பது கூடை மண்ணை அள்ளிக் கொல்லையில் கொட்டிவிட்டார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

மறுநாள் வளைவின் உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

லாசரின் மனைவி மரியபாக்கியம் பதினோரு வருடமாகப் படுக்கையில் இருப்பவர். கஞ்சி காய்ச்சி ஊட்டுவதிலிருந்து எல்லாம் லாசர்தான். அக்கம்பக்கத்தார் அவரைக் கட்டிலோடு தூக்கி எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

"அக்காவ நாங்க பாத்துக்கிறோம். நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க," என்றார்கள் லாசரிடம்.

லாசர் வெறுங்கையோடு தெருவில் நின்றார். கொடுத்த காப்பி ஆறிப்போயிற்று.

சவரியப்பர் வந்து பார்த்தார்.

"மண்ணு எங்கே?"

"கொல்லையிலய்யா. வீடு போயிருமாய்யா?"

"மொதல்ல முட்டுக் குடு. அப்புறம் மண்ண அள்ளு. எடது பக்கம் ஒரு கூடை, வலது பக்கம் ஒரு கூடை. ஒரே பக்கமா கொட்டினே, நாம ரெண்டு பேரும் உள்ளேதான்."

மண் பழையபடி தோளேறியது. வெடிப்பின் குறுக்கே சவரியப்பர் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தார்.

"வளைவு அசைஞ்சா இது கீறும்."

மூன்று நாள் ஞானாதிக்கம் விளக்கோடு போய்ப் போய்ப் பொட்டைப் பார்த்துவந்தார். நான்காம் நாள் பொட்டு முழுசாக இருந்தது. முட்டுகளைத் தட்டி எடுத்தார்கள். ஒரு பொடிகூட உதிரவில்லை. ஞானாதிக்கம் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அப்பாடா என்றிருந்தது.

கட்டில் வீடு திரும்பியது.

கீழே நிலவறையில் வேலைச் சாமான்களைக் கழுவிக்கொண்டே ஞானாதிக்கம் கேட்டார்: "ஐயா, பாரத்தத்தானே எறக்கினேன். அதுக்கு எதுக்கு வெடிக்கணும்?"

சவரியப்பர் மேலே கைகாட்டினார்.

"கஞ்சியில உப்பே இல்ல. இத்தன நாள் ஊர் சுத்துனதுல கைப்பக்குவம் போச்சாக்கும்?" மரியபாக்கியத்தின் குரல். லாசர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"அந்த மனுசன்கிட்டப் போய்க் கேளு," என்றார் சவரியப்பர்.