தேவாங்குக்கு எட்டு மந்திரம்

காட்டுப்பன்றி, முயல், குரங்கு, தேவாங்கு ஆகிய நான்கும் ஒரே காட்டில் இருந்தன. நான்கும் ஆளுக்கொரு கைப்பேசியை வைத்துக்கொண்டு இணையத்தில் ‘கல்லரக்கன் கோட்டை’ விளையாடின.

விளையாட்டில் பன்றி கேடயவீரன். முயல் வில்லாளி. குரங்கு வாள்வீரன். தேவாங்கு நிலைமந்திரவாதி. நிலைமந்திரவாதி கோலை மண்ணில் ஊன்றிவிட்டால் பன்னிரண்டு எண்ணும் வரை அசையக் கூடாது. எண்ணி முடித்தால் வானத்திலிருந்து இடி இறங்கும். கல்லரக்கனை உடைக்க அந்த இடியால்தான் முடியும்.

ஆனால் ஐந்து எண்ணுவதற்குள் அரக்கனின் ஆட்கள் வந்து தேவாங்கை அடித்துப் போட்டுவிடுவார்கள். பதினேழு முறை இதே கதை!

“இன்னும் ஒரு தடவை நீ செத்தா, உன் இடத்துக்குக் கீரியைக் கூப்பிட்டுக்குவேன்!” என்று உறுமியது பன்றி. அதுதான் குழுத் தலைவர்.

தேவாங்கு பயந்துபோனது. அதன் மெதுவான விரல்களுக்கு ஏற்ற வேடம் அது ஒன்றுதான். அதுவும் போனால் சேர்ந்து விளையாட வேறு யார் இருக்கிறார்கள்?

விளையாட்டை உருவாக்கியது ஒரு தூக்கணாங்குருவி. தேவாங்கின் வேடத்தைப் பலப்படுத்தச் சொல்லி எல்லாரும் அதனிடம் போனார்கள்.

“நின்னுக்கிட்டே இருந்தா சாகாம என்ன செய்வான்? ஓட விடு!” என்றது முயல்.

“ஒரே மந்திரம் போதாது. எட்டுக் கொடு!” என்றது குரங்கு.

“இரும்புக் கவசம் மாட்டு!” என்றது பன்றி.

குருவி எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. “இவ்வளவும் கொடுத்தா மத்தவங்க சண்டைக்கு வருவாங்களே! அதனால இடியைக் கொஞ்சம் குறைச்சிடறேன்” என்றது.

மறுநாள் தேவாங்கு திரையைப் பார்த்தது. எட்டுப் பொத்தான்கள்! எது எதற்கு? விழித்தது. ஒன்றை அமுக்கியது. கல்லரக்கனின் காயம் ஆறிவிட்டது!

“அடேய், யாருக்குடா வைத்தியம் பார்க்கிறே?” என்று கத்தியது குரங்கு.

தேவாங்கு பதறி இன்னொன்றை அமுக்கியது. கால்கள் தாமாக ஓடின. எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று புரிவதற்குள் அகழிக்குள் விழுந்தது. கவசத்தின் கனத்தில் ஏறவும் முடியவில்லை. கடைசியில் இடியும் விழுந்தது, தாளிப்பில் கடுகு வெடித்த மாதிரி!

“பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்சுபோச்சே!” என்றது முயல்.

“ஏன், குரங்குக்கு என்ன குறைச்சல்?” என்று குரங்கு சண்டைக்கு வந்தது.

“போதும்! நான் கீரியைக் கூப்பிடறேன்” என்றது பன்றி.

தேவாங்கின் பெரிய கண்களில் நீர் முட்டியது. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த குருவிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. “கேட்டதெல்லாம் கொடுத்தேனே! ஆமா, நீ என்ன கேட்டே?”

“என்னை யாரும் கேக்கலையே” என்றது தேவாங்கு.

குருவி தேவாங்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“சரி, இப்பக் கேக்கறேன். என்ன வேணும்?”

“பழையபடியே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் வேணாம். பன்றியண்ணே, கேடயம் உங்க கையிலதானே இருக்கு? பன்னிரண்டு எண்ணுற வரைக்கும் என் முன்னால நில்லுங்க.”

“நானா? நிக்கறதா?” பன்றி திகைத்துப் போனது. பதினேழு முறையும் அது கேடயத்தைத் தூக்கிக்கொண்டு எதிரியை விரட்டியே ஓடியிருந்தது. யோசித்துப் பார்த்து, “சரி, ஒரே ஒரு தடவை” என்றது.

குருவி பழைய நிலைமந்திரவாதியைத் திருப்பிக் கொடுத்தது. தேவாங்கு கோலை ஊன்றியது. பன்றி கேடயத்தோடு முன்னால் நின்றது. நாலு... ஐந்து... எதிரிகள் வந்து மொத்தினார்கள். ஏழு எண்ணும்போது ஒருவன் பழிப்புக் காட்டிவிட்டு ஓடினான். விரட்டச் சொல்லிப் பன்றியின் கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. பத்து... பதினொன்று... பன்னிரண்டு!

இடி இறங்கியது. கல்லரக்கன் பொடிப்பொடியானான்!

முயல் துள்ளியது. குரங்கு மரத்துக்கு மரம் தாவியது. பன்றி மட்டும் ஒன்றும் புரியாமல் நின்றது.

“நான் சும்மாதானே நின்னேன்? எப்படி ஜெயிச்சோம்?”

நிதானமாக வேலை செய்பவனை மாற்றப் பார்ப்பதைவிட, அவன் வேலை முடியும் வரை அவனுக்குத் துணையாக நிற்பதே மேல்.