ராவுத்தர் போட்ட கட்டை

தேரை இழுக்கிறவங்கதான் ஓட்டுறாங்கன்னு உலகமே நம்பிக்கிட்டிருக்கு. உங்க டீச்சரும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. ரொம்பப் பெரிய தப்பு கண்ணு, நீ தூங்குறதுக்குள்ள இதைத் திருத்தியே ஆகணும். இழுக்கிறவங்க சும்மா இழுப்பாங்க. தேரைத் திருப்புறது, நிறுத்துறது எல்லாம் சக்கரத்துக்கு அடியில போடுற கட்டைதான். ம் சொல்லு.

ஒரு ஊர்ல ஒரு குன்று. குன்றுக்குக் கிழக்கே அம்மன் கோயில், மேற்கே தர்கா. அம்மன் தேர் குன்றைச் சுத்தி வரும். அதுக்குக் கட்டை போடுறது பரம்பரையா பீர் ராவுத்தர் வீடு. அப்புறம் ஒரு வருஷம் சண்டை வந்துச்சு. மேற்கு மூலை நிலம் அம்மனோடதுன்னார் தர்மகர்த்தா சொர்ணலிங்கம். இல்ல, தர்காவுல அடங்கியிருக்கிற அவுலியாவோடதுன்னார் ஜமாத் தலைவர் ஐதுரூஸ். ரெண்டு பேரும் ஒத்துப்போனது ஒரே விஷயத்துல: பீர் ராவுத்தர் இந்த வருஷம் கட்டை போடாம வீட்ல உக்காரணும்.

அப்போ கோயில் ஆளுங்களே கட்டை போட்டாங்க. மொத மூலையில கிர்ர்ர்ருன்னு தேர் மக்கர் பண்ணுச்சு. ரெண்டாவது மூலையில டமார்னு கட்டை பிளந்துச்சு. மூணாவது மேற்கு மூலை. அங்க இறக்கம். கடகடகடன்னு ஓடின தேர், தர்கா சுவருக்கு நாலு விரக்கடை முன்னாடி சாஞ்சு நின்னுச்சு. தூங்கிட்டியா? ம்.

இன்னும் கொஞ்சம் சரிஞ்சா சுவரும் போகும், தேரும் போகும். வேணும்னே விட்டாங்கன்னு அந்தப் பக்கம், வேணும்னே அங்க சுவர் வச்சாங்கன்னு இந்தப் பக்கம். அது பாட்டன் காலத்துச் சுவர், அதை யாரும் யோசிக்கல. அப்புறம் கம்பு வந்துச்சு, கல்லு வந்துச்சு. அப்போ சொர்ணலிங்கம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ராவுத்தர் வீட்டுக்கு ஓடினார்.

ராவுத்தர் கட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு நிதானமா வந்தார். சக்கரத்தைப் பார்த்தார்.

"யார் நிலத்துல நின்னு நான் போடணும்?"

"அம்மன் நிலம் மாமா," என்றார் சொர்ணலிங்கம்.

ராவுத்தர் கட்டையைக் கீழ வச்சார். மறுபடி கேட்டார்.

"அவுலியா நிலம் மச்சான்," என்றார் ஐதுரூஸ்.

ராவுத்தர் கட்டை மேலயே உக்காந்துட்டார். க்ரீச்... தேர் ஒரு விரக்கடை சரிஞ்சுச்சு. சுவர்லேர்ந்து மண் பொலபொலன்னு கொட்டுச்சு. மூணாவது தடவை கேட்டார்.

ஐதுரூஸ் சொர்ணலிங்கத்தைப் பார்த்தார். சொர்ணலிங்கம் தேரைப் பார்த்தார். ரெண்டு பேரோட நிலமும்தான்னு ரெண்டு பேரும் முனகினாங்க.

"எனக்குக் காது மந்தம். தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லுங்க."

சொன்னாங்க. தெருவுக்கே கேட்டுச்சு. நங்! ராவுத்தர் சக்கரத்துக்கு அடியில கட்டையைக் கொடுத்தார். அப்புறம் எல்லாரும் வடத்தைப் பிடிங்கன்னார். கம்பைக் கீழ போட்டாத்தானே வடம் பிடிக்க முடியும்? போட்டாங்க. ஜமாத் ஆளுங்களும் பிடிச்சாங்க. தேர் சொகமாத் திரும்புச்சு, குடுகுடுன்னு போயிருச்சு.

அவ்வளவுதான். தேரும் நிலைக்கு வந்தாச்சு, கதையும் நிலைக்கு வந்தாச்சு, கண்ணை மூடு.

என்ன? சுவரா? அடுத்த வாரமே தர்காக்காரங்க அதை ஒரு முழம் உள்ள தள்ளிக் கட்டினாங்க. செங்கல் கோயில்லேர்ந்து போச்சு.